எந்தப் படம்னு கேக்காதீங்க!



நம்ம பள்ளியில் பாடுறவங்களுக்குப் பஞ்சமே இல்லை. பிரேயர்ல பாடுறவங்க, பஸ்ஸில் பாடுறவங்க, கணக்குப் பீரியட்ல வாய்க்குள்ளேயே பாடுறவங்க என்று பல ரகம். இவங்களோட இன்னொரு ரகமும் உண்டு. சொந்தமா வரி எழுதி, சொந்தமா மெட்டுப் போட்டு, யார்கிட்டயும் சொல்லாம ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மறைச்சு வெச்சிருக்கிறவங்க. எனக்குத் தெரிஞ்சே நாலு பேர் இருக்காங்க. தெரியாம எத்தனை பேரோ!

"ஏன் அதைப் பதிவு பண்ணல?" என்று கேட்டால் நாலு பேருக்கும் ஒரே பதில்தான். "மைக் இல்ல, கீபோர்டு இல்ல, ஸ்டுடியோவுக்குக் காசு இல்ல."

இந்தப் பதிலை நான் ஏத்துக்க மாட்டேன். வீட்டில் இருக்கிற போனை வெச்சே பாட்டைப் பதிவு செய்யலாம். செய்யணும். செய்ததை நாலு பேருக்குக் கொடுக்கணும். அதுக்கு நம்ம பள்ளியும் கொஞ்சம் இடம் கொடுக்கணும். இதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

மெட்டுக்கு நோட்டு கிடையாது

கவிதை எழுதினா நோட்டில் இருக்கும். கோலம் போட்டா புள்ளி வெச்சு வரைஞ்சு வெச்சுக்கலாம். பாட்டு அப்படி இல்லை. வரி மட்டும்தான் நோட்டில் இருக்கு, மெட்டு தொண்டையில் இருக்கு. நம்மில் எத்தனை பேருக்கு ஸ்வரம் எழுதத் தெரியும்? எனக்குத் தெரியாது. அதனால் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மெட்டை எழுதி வெக்கிற நோட்டு என்பது ஒலிப்பதிவு மட்டும்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தங்க ஒரு பாட்டு எழுதியிருக்காங்க. காலையில் வர்ற டவுன் பஸ்ஸைப் பத்தின பாட்டு. "காலு ரெண்டும் உள்ள, செருப்பு ஒண்ணு வெளிய, எந்த ஸ்டாப்புல எறக்கி விடுவ கண்டக்டர் அண்ணே" என்று ஆரம்பிக்கும். அவங்க அனுமதி வாங்கித்தான் இந்த வரியை எழுதுறேன். கேட்டவங்க எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா மெட்டோடு கேட்டால்தான் அதில் உள்ள வருத்தம் புரியும். கடைசி வரியில் குரலை இழுத்து இறக்குவாங்க பாருங்க, அதை எழுத்தில் எழுத முடியுமா?

பரீட்சை முடிஞ்சதும் நம்ம நோட்டெல்லாம் எங்க போகும்? பழைய பேப்பர் கடைக்கு, எடைக்கு. அந்த நோட்டோடு வரி போகும். அவங்க கல்லூரிக்குப் போனதும் மெட்டும் மறந்து போகும். அப்புறம் இந்தப் பஸ் பாட்டை யார் பாடுவாங்க? இந்த ஊர்ப் பஸ்ஸைப் பத்தி சென்னையில் உக்காந்து ஒருத்தர் எழுத மாட்டார். அதை நாமதான் எழுதணும், நாமதான் காப்பாத்தணும்.

கருவி இருந்தாத்தான் பாட்டா?

"நல்ல கருவி இல்லாம பதிவு பண்ணினா கேக்கவே சகிக்காது" என்கிறவங்களுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்றேன்.

1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி இசைத்தட்டுக்காகப் பாடினார். இந்தியாவின் முதல் இசைத்தட்டுப் பதிவுகளில் அதுவும் ஒன்று. அப்ப இசைப் பதிவுக்கு மின்சார மைக்கே வரலை. ஒரு பெரிய கூம்புக் குழாய்க்குள் முகத்தை நீட்டி, உரக்கப் பாடணும். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூணு நிமிஷம்தான் கிடைக்கும். அந்த மூணு நிமிஷத்துக்குள் ராகத்தைச் சுருக்கிப் பாடி, கடைசியில் தன் பேரையும் சொல்லி முடிப்பார். நம்ம அம்மா கையில் இருக்கிற சாதாரண போன், அந்தக் குழாயோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

1982இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வீட்டில் நாலு டிராக் கேசட் கருவி ஒண்ணையும் ரெண்டு மைக்கையும் வெச்சுக்கிட்டுச் சில பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். இசைக்குழுவுக்கு மாதிரி காட்டத்தான் அது. குழுவோடு ஸ்டுடியோவில் மறுபடி வாசிச்சுப் பார்த்தபோது கேசட்டில் இருந்த உணர்வு வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் ஆல்பமா வெளியிட்டாங்க. உறைகூட இல்லாம பையில் போட்டுத் திரிஞ்ச கேசட் அது!

நம்ம ஊர் உதாரணம் வேணுமா? ஏ.ஆர்.ரகுமான் 1989இல் சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில்தான் ஸ்டுடியோ அமைத்தார். நல்ல கருவிகள் உள்ள ஸ்டுடியோதான், மறுக்கலை. ஆனா விளம்பரப் பாட்டுகள் செய்துகிட்டே, ராத்திரி பகலா தனக்குப் பிடிச்ச மாதிரி முயற்சி செய்து பார்க்கச் சொந்த இடம் ஒண்ணு இருந்தது. 1992இல் 'ரோஜா' வந்தது.

நம்ம வயசு உதாரணமும் உண்டு. 2015இல் பில்லி ஐலிஷ் என்ற 13 வயசுப் பெண், தன் அண்ணன் எழுதின பாட்டை வீட்டில் பாடி இணையத்தில் போட்டாள். அடுத்து 2019இல் வந்த அவளோட முதல் ஆல்பமும் லாஸ் ஏஞ்சல்ஸில் அண்ணனோட படுக்கையறையில் பதிவானதுதான். 2020இல் அதுக்குச் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைச்சது. அவங்ககிட்ட நல்ல மைக்கும் கம்ப்யூட்டரும் இருந்தது உண்மை. ஆனா அறை என்னவோ கட்டில் போட்ட சாதாரண அறைதான்.

நாமும் விருது வாங்குவோம் என்று நான் கதை விடலை. பாட்டு பிறக்கப் பெரிய இடம் வேண்டியதில்லை, அவ்வளவுதான் சொல்றேன்.

சரி, எப்படிப் பண்றது?

நானும் என் தம்பியும் எங்க வீட்டில் செய்து பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதை வரிசையாகத் தருகிறேன். ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை.

1. நேரம் பாருங்க. மிக்சி, குக்கர் விசில், கோயில் ரேடியோ, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் அடங்கின நேரம்தான் நம்ம ஸ்டுடியோ நேரம். காலை 5 மணி நல்லது. ராத்திரி 10 மணிக்கு மேல் என்றால் வீட்டில் கேட்டுக்கோங்க. ஃபேனை நிறுத்துங்க. வேர்க்கும், பரவாயில்லை.

2. போனை ஃப்ளைட் மோடில் போடுங்க. இல்லேன்னா சரணத்தின் நடுவில் மாமா கூப்பிடுவார்.

3. வெறும் சுவர் உள்ள அறை வேண்டாம். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து எதிரொலிக்கும். துணி எதிரொலியைக் குடிச்சிடும். பீரோவைத் திறந்து வெச்சு, தொங்குற துணிகளைப் பார்த்துப் பாடுங்க. இல்லேன்னா பாய், தலையணை, போர்வையைச் சுத்தி அடுக்குங்க.

4. போனின் மைக் பெரும்பாலும் கீழே சார்ஜர் குத்துற இடத்துக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டையா இருக்கும். அதை விரலால் மூடாதீங்க. வாய்க்கும் அதுக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். பதினோராம் வகுப்பு இயற்பியல் மாணவர்களே, தலைகீழ் இருமடி விதி நினைவிருக்கா? எதிரொலி இல்லாத இடத்தில் தூரம் நாலு மடங்கானா ஒலியின் செறிவு பதினாறில் ஒரு பங்காகும். போனை நாலு சாண் தள்ளி வெச்சா உங்க குரல் அவ்வளவு குறையும், ஆனா தெருச் சத்தம் அப்படியே இருக்கும்!

5. 'ப' எழுத்து வரும்போது காத்து மைக்கில் 'டப்'னு அடிக்கும். போனை வாய்க்கு நேரா வெக்காம கொஞ்சம் சாய்வா வெச்சா போதும்.

6. முதலில் பத்து நொடி பாடிக் கேட்டுப் பாருங்க. உரக்கப் பாடுற இடத்தில் குரல் கிழிஞ்ச மாதிரி கேட்டால் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. அதுக்கப்புறம் முழுசாப் பாடுங்க.

7. தாளத்துக்கு எவர்சில்வர் குடம், வாளி, தீப்பெட்டி, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் உண்டு. முதலில் தாளத்தை மட்டும் ஒரு போனில் பதிவு பண்ணுங்க. அதை இயர்போனில் கேட்டுக்கிட்டே இன்னொரு போனில் பாடுங்க. இயர்போன் முக்கியம், இல்லேன்னா தாளம் குரலோடு சேர்ந்து பதிவாகிடும். தாளம் தொடங்கும் முன்னாடி ஒரு தடவை கை தட்டிப் பதிவு பண்ணுங்க. பாடும்போது அந்தத் தட்டு காதில் விழுந்ததும் அதோடு சேர்ந்து நீங்களும் தட்டுங்க. ரெண்டு தட்டையும் ஒண்ணாப் பொருத்தினா பாட்டும் தாளமும் ஒட்டிக்கும்.

8. ஒட்டுறதுக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இருக்கு. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்குது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி பல வீட்டில் அண்ணன், அக்கா பேரில் தூங்கிக்கிட்டு இருக்கு. ஓடுற நிலையில் இருந்தால் அதை எழுப்புங்க!

9. முடிச்ச பாட்டை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜா அனுப்பாதீங்க. அது பேச்சுக்காக நசுக்கினது. டாக்குமெண்ட்டா அனுப்புங்க. குறுந்தகட்டுத் தரத்தில் வேவ் கோப்பு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். 128 அளவு எம்.பி.3 என்றால் நிமிஷத்துக்கு 1 எம்.பி.தான். நாலு நிமிஷப் பாட்டு நாலு எம்.பி. அம்மா போனில் மெமரி ஃபுல் ஆனாலும் இதுக்கு இடம் கிடைக்கும்.

"அய்யே, என் குரலா இது?"

கருவிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனா உண்மையான தடை கருவி இல்லை, வெக்கம்!

பதிவான குரலைக் கேட்டதும் எல்லாரும் முகத்தைச் சுளிப்பாங்க. "நான் இப்படியா பாடுறேன்? மெல்லிசா, கீச்சுனு இருக்கே!" இதுக்குக் காரணம் இருக்கு. நாம பாடும்போது நம்ம குரல் காற்று வழியா மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாவும் உள்காதுக்குப் போகுது. எலும்பு வழி வர்ற ஒலியில் கனமான சுரங்கள் அதிகம். அதனால் நம்ம குரல் நமக்கு மட்டும் கொஞ்சம் கனமாக் கேட்கும். பதிவில் எலும்பு வழி ஒலி கிடையாது. ஆக, மத்தவங்க தினமும் கேட்கிற குரல்தான் அது. அவங்க யாரும் காதைப் பொத்திக்கிட்டு ஓடலையே! நாலு தடவை கேட்டா நமக்கும் பழகிடும்.

தன் குரலைத் தானே கேட்பதால் ஒரு மனுஷன் வாழ்க்கை மாறியதும் உண்டு. 1941இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு பருத்தித் தோட்டத்தில் மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி வேலை பார்த்தார். நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்க வந்த ஆலன் லோமாக்ஸ், பதிவுக் கருவியை அவர் வீட்டுக்கே கொண்டுவந்து பாடச் சொன்னார். தன் பாட்டைத் திருப்பிக் கேட்டபோதுதான் தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை வந்ததாக மடி வாட்டர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1943இல் சிகாகோ போனார். ப்ளூஸ் இசையில் இன்று அவர் பேரைச் சொல்லாம யாராலும் பேச முடியாது.

கேட்டால்தான் எங்கே சுருதி விலகுது, எந்த வரியில் மூச்சு வாங்குது என்று தெரியும். திருத்தவும் முடியும். பாட்டு வாத்தியார் வெக்க முடியாத நமக்கு இதுவே வாத்தியார்.

யாருக்குக் கொடுப்பது?

இங்கே பெற்றோர் பக்கமும் நியாயம் இருக்கு. "பொம்பளப் புள்ள குரலை ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பணுமா? எவனாவது எதையாவது எழுதுவான்" என்று எங்க வீட்டிலும் சொன்னாங்க. அந்தப் பயத்தைப் பழைய காலம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரலை. கெட்ட கமெண்ட் போடுறவங்க இருக்கத்தான் செய்றாங்க.

ஆனா பகிர்வது என்றால் உலகத்துக்கே பகிர்வது என்று அர்த்தமில்லை. பத்து பேர் போதும். அத்தை, சித்தி, பெஞ்சில் பக்கத்தில் உக்காரும் தோழி, ஊருக்குப் போன தாத்தா. பென் டிரைவில் கொடுக்கலாம், புளூடூத்தில் அனுப்பலாம். இணையத்தில் போடணும்னா வீட்டில் கேட்டுட்டு, முகமும் முழுப்பேரும் இல்லாம போடலாம். கூடப் பாடினவங்க, தாளம் போட்டவங்க எல்லாரும் சரி என்று சொன்னபிறகுதான் போடணும். இது மரியாதை.

சினிமாப் பாட்டைப் பாடி இணையத்தில் போட்டால் உரிமைக்காரங்க அதைத் தடுக்கலாம். சொந்தப் பாட்டுக்கு உரிமைக்காரர் நீங்களே! 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிக்கும் மெட்டுக்கும் அதைப் படைச்சவருக்குத்தான் உரிமை. படைத்தவர் வாழும் காலம் முழுக்கவும், அதுக்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது இருக்கும். பதிவு அலுவலகத்தில் பதிஞ்சால்தான் உரிமை என்று கட்டாயமும் இல்லை. ஆனா எப்ப எழுதினது என்று கேட்டால் காட்ட, தேதியோடு ஒரு ஒலிப்பதிவு கையில் இருப்பது நல்லதுதானே?

நம்ம பள்ளிக்கு என் வேண்டுகோள்

ஆண்டு விழாவுக்குப் பேர் கொடுக்கிற தாளைப் பார்த்திருப்பீங்க. அதில் நாலு கட்டம். பெயர், வகுப்பு, பாடல், படத்தின் பெயர். மேலே சொன்ன அக்கா பஸ் பாட்டுக்குப் பேர் கொடுத்தபோது நாலாவது கட்டத்தில் கோடு போட்டாங்க. "எந்தப் படம்?" என்று கேட்டாங்களாம். "படம் இல்ல, நானே எழுதினது." "அப்ப டிராக் எங்க கிடைக்கும்?" அதோடு பேர் விட்டுப்போச்சு.

டிராக் எங்கே என்று கேட்டது நியாயமான கேள்விதான். மேடையில் வெறும் குரல் மட்டும் கேட்டால் கடைசி வரிசையில் சத்தம் போடுவாங்க. ஆனா அதுக்குப் பதில் வீட்டுப் பதிவில் இருக்கு! குடத்திலும் வாளியிலும் தாளம் போட்டுப் பதிவு செய்து, தோழிகள் பின்பாட்டுப் பாடி ஒட்டினால் அதுதான் டிராக். கடையில் கிடைக்காத டிராக்.

"சினிமாப் பாட்டு போட்டாத்தான் கூட்டம் கை தட்டும்" என்றும் சிலர் சொல்வாங்க. தட்டட்டும். எனக்கும் சினிமாப் பாட்டு உயிர். அதை நிறுத்தச் சொல்லலை. பத்துப் பாட்டில் ஒண்ணு நம்மளுதா இருக்கட்டும் என்கிறேன். தெரிஞ்ச பஸ், தெரிஞ்ச ஸ்டாப், தெரிஞ்ச மழைத்தண்ணி, தெரிஞ்ச சத்துணவு முட்டை பாட்டில் வந்தா நம்ம கூட்டம் தட்டாம இருக்குமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, 'படத்தின் பெயர்' என்ற கட்டத்தைப் 'படம் அல்லது சொந்தப் பாடல்' என்று மாற்ற வேண்டும்.

இரண்டு, கம்ப்யூட்டர் லேபில் ஒரு கணினியில் ஆடாசிட்டி போட்டு, வாரத்தில் ஒருநாள் பள்ளி முடிந்ததும் அரைமணி நேரம் அனுமதிக்க வேண்டும். வீட்டில் போனே இல்லாத, ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற நண்பர்களும் நம்மிடம் உண்டு. காலை 5 மணிக்குக்கூட அமைதி கிடைக்காதவங்க அவங்க. அவங்களுக்காகவே முக்கியமாகக் கேட்கிறேன்.

மூன்று, அதே கணினியில் 'நம்ம பாட்டு' என்று ஒரு ஃபோல்டர் வேண்டும். வருஷம், வகுப்பு, பாட்டின் பேர் எழுதிச் சேர்த்து வெக்கணும். ஆசிரியர் ஒருவர் முதலில் கேட்டுப் பார்க்கட்டும். யாரையும் கேலி செய்யும் பாட்டுக்கும் சாதி பேசும் பாட்டுக்கும் அதில் இடமில்லை. நல்லதை வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஐந்து நிமிஷம் ஒலிபெருக்கியில் போடலாம். இப்ப ஆறாம் வகுப்பில் இருக்கிற குட்டிகள் பன்னிரண்டாம் வகுப்பு வரும்போது, அந்த பஸ் பாட்டு அவங்களுக்காகக் காத்திருக்கணும்.

படிப்பு கெடும் என்று ஆசிரியர்கள் பயப்பட வேண்டாம். யாப்பிலக்கணம், ஒலியியல், கணினி மூன்றும் இதில் இருக்கு. எதுகை மோனை எதுக்கு என்று பாட்டு எழுதிப் பார்த்தவங்களுக்குத்தான் புரியும்!

நண்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு பாட்டு. ஒரே ஒரு சரணம் போதும். தப்பா வந்தா அழிச்சுட்டு மறுபடி பாடுங்க, ஃபிலிம் சுருள் வீணாகாது. திங்கட்கிழமை ஒருத்தருக்காவது போட்டுக் காட்டுங்க.

இதை ஒத்துக்காதவங்களும் இருப்பீங்க. பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கு, பேனா நூலில் கட்டியிருக்கு. உங்க கருத்தை எழுதுங்க. பேனாவை மட்டும் கழட்டிட்டுப் போயிடாதீங்க!

எழுதுவோம்! பாடுவோம்! பதிவு செய்வோம்!



– பதினோராம் வகுப்பு மாணவி